தண்ணீரை முந்தும் கணக்கு

என் கணக்கு வெள்ளத்தைச் சரியாகத்தான் சொன்னது. ஆனால் விடை வருவதற்குள் வெள்ளமே வந்து போய்விடும்.

ஆற்றின் நீர்மட்டம் பார்க்கும் அலுவலகத்தில் என் மனைவிக்கு வேலை. சில வருஷங்களுக்கு முன் வந்த மார்கழி வெள்ளத்தன்று ஆற்றங்கரைத் தெருக்களுக்கு அவள் போன் போட்டபோது, எடுத்தவர்கள் அடுக்களையில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்கள். அதற்குப் பிறகு பல நாள் போன் மணி அடித்தாலே அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். பொறியியல் கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுக்கும் எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. தண்ணீருக்கு முன்னால் ஓடும் ஒரு கணக்கை எழுதித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

வெளியூரில் மீத்திறன் கணினி, அதாவது சூப்பர் கம்ப்யூட்டர், ஒன்றில் நேரம் வாங்கினேன். அதன் வேகத்துக்குப் பின்னால் இருப்பது பழைய வித்தை. எழுபதுகளில் வானிலைக்கும் அணு ஆராய்ச்சிக்கும் கட்டிய இயந்திரங்களில், எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டாமல், அறுபத்து நான்கு எண்களை வரிசையாக நிறுத்தி, 'கூட்டு' என்று ஒரே கட்டளை கொடுத்தார்கள். அந்த வரிசைதான் வெக்டர். பாடப்புத்தகம் திசையன் என்கிறது. கேட்டதும் பிள்ளைகள் அம்புக்குறி போட ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு மலிவான சில்லுகள் ஆயிரக்கணக்கில் வந்ததும், வெக்டரின் காலம் முடிந்தது என்றார்கள். எங்கே முடிந்தது? இன்று என் மடிக்கணினிக்குள்ளும் அது இருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: வரிசையில் நிற்கும் எந்த எண்ணும் பக்கத்து எண்ணின் விடைக்காகக் காத்திருக்கக் கூடாது.

என் கணக்கில் எல்லாமே காத்திருந்தன. மேற்கே மலை, கிழக்கே கடல் என்று வளர்ந்தவனுக்கு ஆற்றை வேறு எப்படி எழுதத் தோன்றும்? ஆற்றைத் துண்டு துண்டாக்கி, மலையடிவாரத்துப் பாபநாசத்தில் தொடங்கி, மேல் துண்டின் புது மட்டம் தெரிந்த பிறகே கீழ்த் துண்டு என்று இறங்கினேன். வேகம் போதவில்லை என்று இரண்டு வாரம் இயந்திரத்தைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஒரு ஞாயிறு காலை என் புலம்பலைக் கேட்டுக்கொண்டே தோசை ஊற்றிய மனைவி திரும்பினாள்.

"அதென்ன ஒவ்வொண்ணா இறங்குதீங்க? காலைல ஆறு மணின்னா எட்டு அணைக்கட்டுலயும் ஒண்ணுபோல அளவு எடுக்கோம். மேல உள்ளவன் எடுத்து முடிக்கட்டும்னு கீழ உள்ள மருதூர் அணைக்கட்டுக்காரன் காத்துக்கிட்டா இருக்கான்?"

"மேல வர்ற தண்ணி தெரியாம கீழ எப்படிக் கணக்குப் போட?"

"முந்தின அளவு கையில இருக்குல்லா. அத வச்சுப் போடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் முந்தைய நொடி மட்டத்தை எடுத்துக்கொண்டால் போதும். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். கால இடைவெளியை மட்டும் சிறிதாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிசகி ஆறு வானத்துக்கு ஏறிவிடும். இரண்டு முறை ஏறியது. மூன்றாவது முறை நான் காபி குடித்து முடிப்பதற்குள் கணக்கு கடலைத் தொட்டிருந்தது.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அணை திறக்கப்போகும் சேதி வந்ததும் கணக்கை ஓட்டி, விடையை அவளிடம் கொடுத்தேன். அவள் ஆற்றங்கரைத் தெருவில் ஒரு வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் பதறியது எனக்கே கேட்டது.

"பதறாதீங்க அண்ணாச்சி. தண்ணி வர இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு. அவசரப்படாம பைய எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டு, சாப்பிட்டுட்டே கிளம்புங்க."

வெள்ளச் சேதி சொல்லும்போது அவள் வாயில் 'பைய' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.