இருமலுக்கு ஒரு காட்சி

சரித்திர டீச்சர் கொண்டுவந்த படம் ஏதோ பழைய வாரப் பத்திரிகையிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டியது. ஓரங்களில் பசை காய்ந்து மஞ்சள் பிடித்திருந்தது. படத்தில் ஒரு மராட்டியப் பெண் உட்கார்ந்திருந்தாள். நூறு வருடத்துக்கும் முன்னால் கப்பலேறி அமெரிக்கா போய் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவள் என்று டீச்சர் சொன்னார். அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கும். பயப்பட அதில் ஒன்றுமில்லை. சின்ன முகம், இழுத்து மூடிய உதடு, அவ்வளவுதான். ஆனால் எதையோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்ட ஆள் மாதிரி அவள் உட்கார்ந்திருப்பதாக எனக்குப் பட்டது. எங்கள் வீட்டில் அக்காவும் அப்போது அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். அந்த வருட ஆண்டுவிழாவில் அந்தப் பெண்ணாக நடிக்க இருந்தவளும் அக்காதான்.

தாராவியில் தமிழ் வழியில் படிக்க அப்போது எங்களுக்கு வாய்த்த பள்ளி அது. வருடா வருடம் கும்மியும் கோலாட்டமும் போட்டு அலுத்துப்போன டீச்சர், அந்த வருடம் பழைய காலத்துப் பெண்களை மேடையேற்றுவது என்று முடிவு செய்தார். பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லப் போனபோது தெருவில் சாணி எறியப்பட்டவளாக ஒருத்தி. அழுக்கானால் மாற்றிக்கொள்ள இன்னொரு புடவையைப் பையில் எடுத்துப்போவாளாம் அந்த டீச்சரம்மா. வீட்டுக்குள் இருந்தபடியே புத்தகம் எழுதியவளாக இன்னொருத்தி. திருநெல்வேலிப் பக்கம் வந்து தமிழ் கற்று, பெண்களுக்குத் தையலும் எழுத்தும் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார மிஷனரி அம்மாளாக நான். எங்கள் வீட்டிலேயே கறுப்பு நான்தான். ஒரு டப்பா பவுடரை என் முகத்தில் கொட்டி அந்தக் குறையைத் தீர்த்தார்கள். எல்லாக் கதையும் நல்ல இடத்தில் முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும், புத்தகம் வந்ததும், பட்டம் வாங்கியதும் கதை நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அக்காவுக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. மழைக்காலத்தில் எங்கள் சந்தில் இருமாத ஆள் கிடையாது. மழை நின்று எல்லோருடைய இருமலும் நின்ற பிறகு இவளுடையது மட்டும் நிற்கவில்லை. எங்களுடையது ஒற்றைக் கோலி. ஓர் அறைதான் மொத்த வீடும். சுவருக்கு அந்தப் பக்கம் தோல்பை தைக்கும் பட்டறை. அங்கே மெஷின் ஓடும் சத்தத்தில் நாங்கள் பேசுவதே எங்களுக்குக் கேட்காது. அக்கா அதைத்தான் பயன்படுத்திக்கொண்டாள். மெஷின் நின்றிருக்கும்போது இருமலை அடக்கிக்கொள்வாள். ஓடத் தொடங்கியதும் பரணில் ஏறி, தாவணியை வாயில் திணித்துக்கொண்டு இருமுவாள். அவள் முதுகு குலுங்குவதைக் கீழேயிருந்து பார்ப்பேன். மெஷின் நிற்கும்போது அவளும் நின்றிருப்பாள். பட்டறைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வாரத்திலேயே பயங்கரமான நாள். ஒருநாள் தாவணியின் ஓரத்தில் சிவப்பாகப் பார்த்தேன். ஈறு வீங்கியிருக்கிறது என்றாள். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டவில்லை.

அம்மாவுக்குத் தெரியும். பின்னாளில் அம்மா அதைப் பற்றிப் பேசியதே இல்லை என்றாலும், அப்போதே தெரியும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். தெருமுனை டாக்டர் மார்புப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார். ஆண்டுவிழா முடியட்டும் என்றாள் அம்மா. அதற்கு முன் தீபாவளி முடியட்டும் என்றிருந்தாள். எங்கள் வீட்டில் அதற்குத் தொண்டைக் கட்டு என்று பெயர். டி.பி. என்ற சொல்லை வாயில் எடுத்தால் அது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடும் என்பதுபோல் எல்லோரும் நடந்துகொண்டோம். காரணமில்லாமல் இல்லை. பின்சந்தில் ஒரு வீட்டில் மூத்த பெண்ணுக்கு வந்தபோது, அந்த வீட்டாரைப் பொதுக்குழாயில் குடம் வைக்கவிடவில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அவர்கள் பாத்திரங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிய அன்று வேடிக்கை பார்த்தவர்களில் நாங்களும் இருந்தோம். அம்மாவோ மாதுங்காவில் ஒரு பாலக்காட்டு மாமி வீட்டில் சமையல் வேலை பார்த்தவள். சமைக்கிறவள் வீட்டில் இப்படியொரு சீக்கு என்றால் அந்த வேலை என்ன ஆகும் என்பதைச் சின்னப்பிள்ளையான என்னால்கூட யூகிக்க முடிந்தது. "ஏட்டி, அக்கா இருமுதான்னு வெளிய ஒரு வார்த்தை வந்துச்சு, ஒன் நாக்க அறுத்துருவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று அம்மா போய்ப் பார்த்தாள். திட்டியதைவிட அதுதான் என்னை வாயடைக்க வைத்தது.

ஒத்திகையில் அக்காவின் வசனம் நீளமாக இருந்தது. பச்சைக் குழந்தையைப் பறிகொடுத்தது, பெண்களைப் பார்க்க ஒரு பெண் வைத்தியர் வேண்டும் என்று நினைத்தது, கப்பல், பனி, கல்லூரி, பட்டம் என்று மூச்சு விடாமல் போகும். பாதியில் அவளுக்கு இருமல் முட்டும். தண்ணீர் குடிப்பதுபோல் திரும்பிக்கொள்வாள். மேடையில் அப்படித் திரும்ப முடியாது என்பது எனக்கே தெரிந்தது. நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் அக்கா டீச்சரிடம் போய் ஒன்று கேட்டாள்.

"டீச்சர், அவங்க பட்டம் வாங்குனதுக்குப் பொறவு என்ன ஆனாவ?"

டீச்சர் சொன்னார். படிக்கும்போதே காசநோய் பிடித்துவிட்டது. ஊர் திரும்பியபோது ஆஸ்பத்திரியில் வேலை காத்திருந்தது. ஒரு நாள்கூடப் போய் உட்காராமல் செத்துப்போனாள். இருபத்திரண்டு வயது நிறையவில்லை. இதைக் கேட்டதும் நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. அது என்ன நிம்மதி என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப அந்தக் கடேசிக் காட்சியவும் வைங்க டீச்சர். இருமிக்கிட்டே இருக்க மாதிரி. முதல்லருந்தே லேசா இருமுதேன்."

விழாவில் சாவெல்லாம் வேண்டாம் என்றுதான் டீச்சர் முதலில் சொன்னார். பிறகு அவருக்கே ஆசை வந்துவிட்டது. எல்லோரும் பட்டத்தோடு நிறுத்துகிற கதையை இந்தப் பெண் முழுசாகச் சொல்லக் கேட்கிறாளே என்று அவருக்கு ஒரே பெருமை. மற்ற டீச்சர்களைக் கூப்பிட்டு, "பாருங்க, பாத்திரத்துக்குள்ளயே போயிட்டா" என்றார். அக்கா தலைகுனிந்து நின்றாள். இருமலை அடக்க முடியாத ஒருத்தி, இருமுவதற்கென்றே ஒரு காட்சியை வாங்கிக்கொண்டாள். அவள் கெட்டிக்காரி என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

வேடத்துக்கு ஒன்பது கஜப் புடவை வேண்டும். அம்மா மாமியிடம் கேட்டு வாங்கி வந்தாள். அரக்கு நிறம், ஓரத்தில் மெல்லிய ஜரிகை. மாமி வீட்டில் பார்த்த ஞாபகத்தில் அம்மா அதை அக்காவுக்கு மடிசாராகக் கட்டிவிட, டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். மராட்டிக்காரியை மாதுங்கா மாமியாக்கிவிட்டீர்களே என்று, எதிர்ச்சந்திலிருந்து ஒரு மராட்டிக்கார அம்மாளைக் கூட்டிவந்து அவிழ்த்துக் கட்டவைத்தார். எல்லோரும் சிரித்தோம். சிரித்ததில் அக்காவுக்கு இருமல் வந்தது. "இப்பவே ஆரம்பிச்சிட்டியா" என்று டீச்சர் இன்னும் சிரித்தார். அக்காவின் இடுப்பில் புடவை எத்தனை சுற்றியும் நிற்கவில்லை என்பதை அம்மா மட்டும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புடவை கொடுத்த உரிமையில் மாமியும் விழாவுக்கு வந்திருந்தார். முன்வரிசைக்குப் பின்னால் அம்மாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் பங்கு முதலிலேயே முடிந்துவிட்டது. பவுடர் முகத்தோடு திரைக்குப் பக்கத்தில் நின்றேன். அக்கா பேசத் தொடங்கினாள். சொன்னபடியே முதலிலிருந்தே லேசாக இருமினாள். கப்பலில் இருமினாள். பனியில் இருமினாள். கேட்டவர்களுக்குப் பரிதாபம் கூடிக்கொண்டே போனது தெரிந்தது. பட்டம் வாங்கினாள். மேடையில் போட்டிருந்த பெஞ்சில் சாய்ந்தாள். அங்கே ஒரு முறை இருமி, எனக்காக வேலை காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தலையைச் சாய்க்க வேண்டும்.

இருமல் வந்தது. வசனம் வரவில்லை. இத்தனை மாதம் பரணில் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியதுபோல் அது வந்துகொண்டே இருந்தது. உடம்பு இரண்டாக மடிந்து நிமிர்ந்தது. மாமியின் புடவைத் தலைப்பை வாயில் வைத்தாள். எடுத்தபோது உதட்டிலும் மோவாயிலும் ரத்தம். குங்குமத்தைக் கரைத்து வைத்திருக்கிறார்கள் என்று முன்வரிசையில் யாரோ பாராட்டியது என் காதில் விழுந்தது. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். அக்கா ஒரு கையைத் தூக்கினாள். மூச்சு வேண்டும், தண்ணீர் வேண்டும், யாராவது வாருங்கள் என்ற கை அது. தட்டல் இன்னும் பலமானது. நான் ஓட நினைத்தேன். திரைத்துணியைப் பிடித்திருந்த கையை விட முடியவில்லை. என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பயந்ததில்லை.

அப்போதுதான் அம்மா எழுந்து நின்றாள்.

"தட்டாதீய. யாரும் கை தட்டாதீய. அது நடிப்பு இல்ல. எம் புள்ளைக்கு நெசமாவே இருமலு. அவளுக்கு டி.பி."

வீட்டில் ஒருமுறைகூடச் சொல்லாத சொல்லை மொத்தச் சந்தும் உட்கார்ந்திருந்த இடத்தில் சொன்னாள். தட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. அம்மா நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடையேறி அக்காவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். டீச்சர் தண்ணீரோடு ஓடிவந்தார். மற்றவர்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அந்தக் கிறீச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. டாக்சியில் ஏற்றும்போது மாமி பக்கத்தில் வந்தார். முந்தானையால் மூக்கை மூடியிருந்தார். கண் கலங்கியிருந்தது. "அந்தப் பொடவைய நீயே வெச்சுக்கோ. ஆத்துக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம்" என்றார். கொடுத்தாரா, விலக்கினாரா என்று அம்மாவால் கடைசிவரை முடிவுக்கு வர முடியவில்லை. வேலை மட்டும் போயிற்று.

இன்னும் கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று சொல்ல முடியாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மருந்து மாதக்கணக்கில் நீண்டது. அந்த மாத்திரையில் சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று யாரும் சொல்லாததால், முதல் நாள் அக்காவும் நானும் கட்டிப்பிடித்து அழுதோம். குழாயில் எங்கள் குடத்தைக் கடைசியில்தான் வைக்கவிட்டார்கள். பிறகு செம்பூருக்குக் குடிபோனோம். எங்களை யாருக்கும் தெரியாத தெருவில் அம்மா மறுபடி கரண்டி பிடித்தாள். அக்கா தேறினாள். ஆனால் அந்த மராட்டியப் பெண் செத்துப்போன வயதைத் தாண்டும்வரை அவளுக்குப் பயம் போகவில்லை. வேடத்தோடு விதியையும் வாங்கிக் கட்டிக்கொண்டேனோ என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். இல்லை என்று சொன்னேன். எனக்கும் அதே பயம்தான் இருந்தது. அக்காவுக்கு அந்த வயது நடந்த வருடம் முழுக்க அவள் தும்மினாலும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்ப்பாள். இப்போது அக்கா நெருளில் இருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. நன்றாகவே இருக்கிறாள்.

அம்மா என்னோடு இருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் கொள்ளைநோய் வந்தபோது, ஒரு மாலை ஊரே பால்கனியில் நின்று டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் கைதட்டியது நினைவிருக்கும். தாராவிக்குள் அது நுழைந்தால் என்ன ஆகும் என்று டி.வி. பயமுறுத்திக்கொண்டிருந்த நாட்கள். எங்கள் கட்டடத்திலும் தட்டும் கரண்டியுமாக எல்லோரும் நின்றார்கள். மேல்மாடியில் யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தில் அது அமுங்கிப்போனது. என் கணவர் அம்மாவின் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்தார். அம்மா அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்லதற்குத்தானே தட்டுகிறார்கள், நீ ஏன் தட்டவில்லை என்று கேட்டேன். அன்றைய விழாவைப் பற்றி அம்மா என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"நல்லதுக்குத்தான் தட்டுதாவ. அன்னைக்கும் நல்ல மனசோடதான் தட்டுனாவ. எம் புள்ள அங்கனயே செத்து விழுந்திருந்தாலும், என்னமா நடிக்காளேன்னு இன்னும் பலமாத்தான்டி தட்டியிருப்பாவ."