இடது பக்கம் ரெண்டு நூல்

எங்க வாப்பா பம்பாய் தாராவியில சைக்கிள் பிரேம் கட்டுற பட்டறை வச்சிருந்தாரு. கம்பெனி வண்டி இல்ல. பைப்பை அறுத்து, பித்தளையை உருக்கி ஒட்டி, ஆளுக்கும் ஏத்துற பாரத்துக்கும் தக்கபடி கையால கட்டுறது. மாட்டுங்கா, செம்பூர்னு இட்லி விக்கப் போற திருநெல்வேலி ஆட்கதான் முக்கால்வாசிப் பேரு வாங்குனாங்க. கேரியர்ல இட்லிப் பானை, முன்னால வலது பக்கம் ஒரு கொக்கி, அதுல சாம்பார்த் தூக்கு. கொக்கியையும் நாங்களே ஒட்டிக் குடுத்திருவோம்.

எண்பதுகளோட நடுவுல வாப்பா மவுத்தானாரு. கூடப் பொறந்த மூத்த காக்கா துபாய்ல இருந்ததால பட்டறை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வந்துச்சு. அவரு பேக்டரியில பிட்டரா இருந்தவரு. குழம்புல உப்பு கூடினாக்கூட எத்தனை கல்லு கூடுச்சுன்னு சொல்லுத மனுஷன். வந்த மறுவாரமே, பிரேமை வச்சுக் கட்டுற இரும்பு அச்சைக் கம்பி இழுத்து அளந்து பாத்தாரு. பின்சக்கரம் உக்கார்ற இடம் இடது பக்கமா ரெண்டு நூல், அதாவது கால் இஞ்சு, தள்ளி இருந்துச்சு.

"ஒங்க வாப்பா இத்தனை வருஷமா கோணல் வண்டி வித்திருக்காரு"ன்னாரு.

எனக்குக் கோவம் உச்சந்தலை வரைக்கும் ஏறிட்டு. "வாங்குன ஒருத்தராவது குறைன்னு வந்தாங்களா?"ன்னு கேட்டேன். அப்படியும் மறுநாளே அவரு அச்சை நிமித்திட்டாரு. இனிமே எல்லாம் ஏக்தம் சீதா, துளி கோணல் இல்லன்னு பெருமை வேற.

நிமிந்த அச்சுல முதல்ல மூணு வண்டி போச்சு. பத்தே நாள்ல மூணும் திரும்பி வந்துச்சு. "வலது பக்கமா இழுக்குது தங்கச்சி, சயான்ல பஸ்ஸுக்கு அடியில போயிருப்பேன்"ன்னாரு ஒருத்தரு. கொக்கியை இடது பக்கம் மாத்தித் தாரோம்னு சொன்னோம். கரண்டி புடிக்கிற கையையும் மாத்தித் தருவியளான்னு கேட்டாரு. நாளைக்குள்ள சரியாகலன்னா கோவண்டிப் பட்டறைக்குப் போயிருவோம்னு சொல்லிட்டு மூணு பேரும் வண்டியை விட்டுட்டுப் போனாங்க.

பிழைப்பு போகுதேன்னு பயம் ஒரு பக்கம். ஆனா உண்மையைச் சொல்லணும்லா, உள்ளுக்குள்ள எனக்கு ஒரே சந்தோஷம். வலது பக்கம் தூக்கு தொங்குது, அந்தப் பாரத்துக்கு ஈடாத்தான் வாப்பா வேணும்னே இடது பக்கம் ரெண்டு நூல் தள்ளி வச்சிருக்காரு. என்ன மூளைன்னு வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். பக்கத்துக் கோலி வீடுகள்லயும் சொன்னேன்.

வீட்டுக்காரரு ஸ்பேனரைக் கீழ வச்சாரு. "அப்படின்னா மாமாவை அடக்குன கபர்ல நான் போய் மாப்புக் கேக்கேன். ஆனா தூக்கை முதல்ல வலது பக்கம் மாட்டுனது யாரு?"

அந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்க விடல. வாப்பாகிட்ட முத முதல்ல வண்டி வாங்குன இட்லிக்காரரு ரெண்டு சந்து தள்ளித்தான் இருந்தாரு. மத்தியானம் போனேன். வாசல்ல உக்காந்து பானை தேய்ச்சுக்கிட்டிருந்தாரு.

"ஆரம்பத்துல தூக்கு இடது பக்கம்தாம்மா தொங்குச்சு. அப்ப பழகாத கைக்கு எந்தப் பக்கமும் சரிதான்"னாரு அண்ணாச்சி. "வண்டிதான் இடது பக்கமா இழுத்துச்சு. வந்து சண்டை போட்டேன். ஒங்க வாப்பாவே ஏறி மாட்டுங்கா வரைக்கும் மிதிச்சுட்டு வந்தாரு. கொக்கியைப் பேத்து வலது பக்கம் ஒட்டிக் குடுத்தாரு. சரியாப் போச்சு. பொறவு வந்தவுகளுக்கெல்லாம் அந்தப் பக்கம்தான்."

"அச்சை ஏன் நிமித்தல?"

"அதுக்குள்ள பால்காரன், பேப்பர்காரன்னு எத்தனையோ வண்டி ரோட்டுக்குப் போயிட்டுல்லா. நிமித்துனா, எனக்கு மட்டும் கோணலானு முன்னால வாங்குனவன் சும்மா விடுவானா?"

திரும்பி நடக்கும்போது வாப்பா மேல அப்படி ஒரு ஆத்திரம். ஒரு பட்டறைத் தப்பை மறைக்க, தாராவி இட்லிக்காரன் அத்தனை பேரும் சாம்பாரை வலது பக்கம் தொங்கவிட்டுக்கிட்டு அலையுதான். இதைப் போய் மூளைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனேன்னு அழுகையா வந்துச்சு. கூடவே சிரிப்பும் வந்துச்சு, அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல.

வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு விடாம சொன்னேன். கேலி பண்ணுவாருன்னு நெனச்சேன். அவரு மூணு வண்டியையும் பாத்துக்கிட்டு நின்னாரு. "இப்ப என்ன செய்ய?"

"வளைச்சிருங்க. அச்சையும் பழைய இடத்துக்கே தள்ளிருங்க."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

பாவம், தான் நிமித்துன அச்சைத் தானே தள்ள ஸ்பேனரை எடுத்தாரு. பொறவு போல்ட்டைத் தளத்துனாரு. அளவு பாக்க அடிக்கோலை நான்தான் பிடிச்சேன். ரெண்டு நூல் வந்ததும், யாருகிட்டயும் சொல்லிராதீங்கன்னு என் வாயாலயே அவர்கிட்ட சொன்னேன்.