இரண்டு பிரம்மதேசம், ஒரு சாவுக் கார்டு

போனது மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், என் அம்மா. பங்குனி மாதம், சனிக்கிழமை. நம் பஜனைக் கூட்டத்தில் பலர் பிரம்மதேசம் கோயிலுக்கு வழி கேட்டதால் நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். ஆனால் நாங்கள் கிளம்பியது கோயிலுக்காக இல்லை.

பிரம்மதேசம் என்பது ஒரே ஊர் இல்லை. எங்கள் குடும்பத்துக்கே இரண்டு. ஒன்று மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது. என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர். மற்றது செய்யாறு பக்கம், அம்மாவின் ஒரே தம்பியான என் மாமாவின் ஊர். தங்கை கணவர் பெயர் கோவிந்தன். மாமா பெயரும் கோவிந்தன். தங்கை கல்யாணத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தபால்காரர் ஒரு கார்டு கொடுத்தார். மூலைகளில் கறுப்பு மை. சாவுக் கார்டை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவது நம் எல்லார் வீட்டிலும் வழக்கம்தான். ‘பிரம்மதேசம் கோவிந்தன் புதன் காலை காலமானார்’ என்பது வரை கண் போயிற்று. அதற்குள் கை கிழித்துவிட்டது. துண்டுகள் சாக்கடைத் தண்ணீரில் போன பிறகுதான், எந்தப் பிரம்மதேசம் என்று தோன்றியது. யார் எழுதியது என்று பார்க்கவில்லை. தபால் முத்திரையையும் பார்க்கவில்லை.

தலை முழுகிவிட்டு வந்தேன். அம்மா ஏன் என்று கேட்டதற்கு எண்ணெய்ப் பிசுக்கு என்றேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் கொல்லைப்புறம் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

“அத்தைகிட்ட இப்ப சொல்லாத. எந்தக் கோவிந்தனா இருந்தாலும் நஷ்டம் அவங்களுக்குத்தான்” என்றார்.

தங்கைக்கு இருபத்தாறு வயது, கையில் இரண்டு குழந்தைகள். ஆள் அனுப்பக்கூட அந்த வீட்டில் வேறு ஆண்துணை கிடையாது. விளக்கேற்றும்போது, ‘பெருமாளே, அவள் புருஷனாக இருக்க வேண்டாம்’ என்று வேண்டிக்கொண்டேன். அதற்கு மேல் வேண்டவில்லை.

பாண்டிச்சேரியில் காலை 6.10க்குப் பஸ். மரக்காணத்துக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் முப்பத்தைந்து பைசா. 7.35க்கு இறக்கிவிட்டான். தங்கையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் அம்மாவைக் கூட்டிப்போனோம். அவர் வாழையிலையில் இரண்டு முழம் கனகாம்பரம் மடித்து எடுத்துக்கொண்டார். பூ வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அனுமந்தையில் மீன்கூடைகளோடு ஏறிய பெண்கள், “ஆயா, பூவு எனக்கா?” என்று கேலி செய்தார்கள். “என் பொண்ணுக்குடி” என்று அம்மா இலையை மடியில் இடுக்கிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தங்கை வீட்டுக்கு நேரே போக எனக்குத் தைரியம் இல்லை. உயிரோடு இருப்பவர் வாசலில் போய் நின்று, இருக்கிறாரா என்றா கேட்பது? அவருக்கு மரக்காணம் உப்பளத்தில் எடை போடும் வேலை. முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். வேலைக்கு வந்திருந்தால் கண்ணால் பார்த்துவிடலாம். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று அம்மாவிடம் சொன்னோம்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து உப்பளம் ஒன்றரை கிலோமீட்டர். நிழலே கிடையாது. எட்டு மணிக்கே வெள்ளைப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. கீற்றுக் கொட்டகையில் வேறு ஒருவர் எடை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்தான் கேட்டார்.

“கோவிந்தன் வேணுங்க.”

“எந்தக் கோவிந்தன்? இங்க மூணு பேரு இருக்கானுங்க.”

“பிரம்மதேசத்துக்காரர்.”

“அவரு வர்றதில்லியே. மூணு நாளாச்சு.”

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உப்புக்கூடையை இறக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, “ஏம்பா, முழுசா சொல்லேன். அவங்க மூஞ்சியப் பாரு” என்று எடைக்காரரை அதட்டிவிட்டு எங்களிடம் சொன்னாள்: “அங்கேர்ந்து ஆளு வந்து சொல்லி, செய்யாறு பக்கம் சாவுக்குப் போயிருக்காருங்க. பொண்டாட்டி புள்ளைங்களையும் இட்டுக்கினு போயிட்டாரு. மாமியாரோட தம்பியாம். அவருக்கும் இதே பேருதானாம்.”

நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, “பெருமாளே, காப்பாத்திட்டே” என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டு.

திரும்பிப் பார்த்தால் அம்மா பின்னால் நிற்கிறார். அழவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, “அந்த மாமியா நான்தாம்மா” என்றார். கையில் இருந்த பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கும் இங்கும் பார்த்தார். அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வாங்கிக்கொண்டாள்.

மரக்காணத்தில் 9.20க்குத் திண்டிவனம் பஸ் ஏறினோம். வழியில் கண்டக்டர், “பிரம்மதேசம் எறங்கு” என்று குரல் கொடுத்தார். அம்மா சட்டென்று எழுந்து, கம்பியைப் பிடித்து நின்று, பிறகு உட்கார்ந்துகொண்டார். திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு என்று மாறி மாமாவின் பிரம்மதேசம் போய்ச் சேர மாலை நாலேகால் ஆயிற்று. எல்லாம் முடிந்திருந்தது. “கார்டு போட்டோமே, கெடைக்கலியா?” என்று அம்மாவைக் கேட்டார்கள்.

இரண்டு ஊரிலும் கோயில் உண்டு; போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போது மரக்காணம் பக்கமா, செய்யாறு பக்கமா என்று சொல்லுங்கள். உப்பளம் பார்ப்பதானால் குடையும் குடிதண்ணீரும் வேண்டும். சாவுக் கார்டை முத்திரை பார்க்காமல் கிழிக்காதீர்கள். வழக்கம் ஒரு நிமிஷம் காத்திருக்கும்.

இனி என் காரியம். திரும்பி வரும்போது அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: “கார்டு வந்தது உனக்குத் தெரியுமாடி?” தெரியும் என்றேன். அதன் பிறகு என்னிடம் அதிகம் பேசுவதில்லை. நான் வேண்டிக்கொண்டது தங்கைக்காக; ஆனால் இரண்டு பேரில் ஒருவர் என்று தெரிந்தே வேண்டிக்கொண்டேன். அதை அம்மாவிடம் சொல்லிவிடுவதா, வேண்டாமா? அம்மாவுக்குப் படிக்க வராது, அதனால் இங்கே எழுதிவிட்டேன். வியாழக்கிழமை மாமாவுக்குப் பதினாறாம் நாள். அதற்குள் தெரிந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.