அப்பாவின் மடக்குக் கத்தி

அப்பாவிடம் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. குற்றாலத்து சீசன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், சிவப்பு பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி. ரம்புட்டான் உரிக்க, வயர் சீவ, என் பென்சிலைக் கூராக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அது ஒரு மழைக்குத் தாங்காது என்பார் தாத்தா. அப்பா மறுத்துப் பேசமாட்டார். வருஷாவருஷம் சாரல் தொடங்கியதும், கத்தி மழுங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு குத்துக்கல்வலசையிலிருந்து ஸ்கூட்டரில் தனியாகக் குற்றாலம் போவார். குற்றாலம் போன மனுஷன் குளிக்காமல் திரும்பி வருவதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

ஒருநாள் ஸ்கூட்டர் பெட்டியில் துடைக்கும் துணியை எடுத்தபோது அடியில் ஒரு பை தட்டுப்பட்டது. உள்ளே பழைய கத்திகள். கொல்லைப்பக்கம் கொண்டுபோய் ஒவ்வொன்றாக விரித்து, தேங்காய் நார்க் கயிற்றை அறுத்துப் பார்த்தேன். எல்லாமே அறுத்தன. ஒன்றில்கூடத் துரு இல்லை. பொய் சொன்னால் அடிக்கும் அப்பா, போயும் போயும் ஒரு கத்திக்காகப் பொய் சொல்கிறார். எதற்கு?

அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

"ஏட்டி, தாத்தாட்ட இதச் சொல்லிராத" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கிளம்பும்போது, "இவளையும் கூட்டிட்டுப் போங்க. அவளும் பாக்கட்டும்" என்றாள்.

அருவிக்குப் போகும் வழியில், சிப்ஸ் கடைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்ட சின்னக் கடை. கடைக்காரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். நான் சொல்லாமலே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கன்னத்தைத் தடவினாள். கண் கலங்கியிருந்தது. அப்பா ஒரு கத்தியை எடுத்து விரிப்பதும் மடக்குவதுமாக நின்றார். வாங்குகிறவர் மாதிரியே இல்லை.

அவள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா எப்படி இருக்காவ?"

"இருக்காவ" என்றார் அப்பா. "கோவந்தான் இன்னும் போகல."

அப்பா எதிரிலேயே நிற்கிறார். அவரைப் பற்றி அவரிடமே கேட்கிறாளே, இவளுக்குப் புத்தி சரியில்லையோ என்று நினைத்தேன். அவள் என் கையில் திணித்த சிப்ஸ் பொட்டலத்தைக்கூட வீடு வரும்வரை பிரிக்கவில்லை. வேற்றுச் சாதியில் கல்யாணம் செய்துகொண்டதற்காகத் தாத்தா வீட்டை விட்டு அனுப்பிய ஒரு அத்தை எனக்கு இருப்பதும், அன்று அவள் விசாரித்தது அவளுடைய அப்பாவை என்பதும் எனக்குத் தெரிந்தபோது, தாத்தா இல்லை.