டோபா தப்பாகச் சொன்ன கதை

டோபாவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் கடவுளின் அடியார்களான ரெப்பேக்கள் என்ற யூத குருமார்கள் நிகழ்த்திய அற்புதங்கள் அவள் தலைக்குள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. தகப்பன் வண்டியோட்டி. பக்தர்களை ஏற்றிக்கொண்டு எந்த ரெப்பேயின் வாசலுக்குப் போனாலும் கூலியோடு ஒரு கதையும் கொண்டுவருவார். பதினாறு வயதில் பிரார்த்தனையைத் தலைமுழுகிவிட்டுப் போலந்தின் வூச் நகரத்துத் தையல் பட்டறைக்குப் போனவள், சங்கத்தில் சேர்ந்தாள், வேலைநிறுத்தம் செய்தாள், சிறைக்கும் போனாள். சிறையில் உடனிருந்த பெண்களுக்குப் புரட்சியைப் பற்றிச் சொல்லத்தான் ஆசைப்பட்டாள். அவர்கள் ரெப்பே கதையைத்தான் கேட்டார்கள். சொன்னாள்.

அக்காள் ரைசல் போயும் போயும் ஆன்ஷெலைக் கட்டிக்கொண்டாள். கொஸ்லோவ் ஊர் ரெப்பேயின் சீடர்; அந்நியப் பெண்ணின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காதவர். அத்தானும் மைத்துனியும் பேசிக்கொண்டதில்லை, சண்டை மட்டும் போட்டதுண்டு. பிறகு ஜெர்மானியர்கள் யூதர்களையெல்லாம் ஊரின் ஒரு மூலையில் தள்ளி முள்வேலி போட்டார்கள். அக்காள், அத்தான், டோபா, மூட்டை தூக்கும் கொப்பல் எல்லோருக்கும் ஒரே அறை. வேலிக்காரர்கள் செய்த அக்கிரமங்களில் இதையும் சேர்க்க வேண்டும் என்பாள் டோபா.

குளிர்காலத்தில் ரைசல் செத்துப்போனாள். துக்கம் காக்கும் ஏழு நாள் முடிந்தும் ஆன்ஷெல் கட்டிலைவிட்டு எழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜெர்மன் சிப்பாய்களின் பனிக்கால்களுக்கு வைக்கோல் செருப்பு பின்னும் பட்டறையில் அவருக்கும் டோபாவுக்கும் வேலை. அவர் வராததை மேஸ்திரி இதுவரை மறைத்துவிட்டான். ஞாயிறு காலை வராவிட்டால் தன்னால் ஆகாது என்று சொல்லியனுப்பியிருந்தான். வேலையில்லாதவர்களை ரயிலேற்றிக்கொண்டிருந்தார்கள். போனவர் ஒருவரும் திரும்பவில்லை.

சனிக்கிழமை பிற்பகலில் டோபா சூப்புக் கிண்ணத்தை அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள்.

"அத்தான், எழுந்திரிங்க. நாளைக்குப் போகலேன்னா ரயில்ல ஏத்திடுவானுங்க."

"ஏத்தட்டும்."

கத்திப் பார்த்தாள். கெஞ்சியும் பார்த்தாள், பழக்கமில்லாததால் அதுவும் திட்டுவது போலவே இருந்தது.

யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை முடியும் அந்தியில் ரெப்பே கதை ஒன்று சொல்வது வழக்கம். கொப்பல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தான். "சொல்லேன் டோபா. நம்பிக்கை இல்லேன்னா என்ன, வாய் இருக்கே."

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். "ஒரு ஜமீன்தார். யூதனுக்கு எதுக்குடா ஆட்டம்னு, கல்யாணத்துக்கு வந்த வாத்தியக்காரங்களையெல்லாம் பிடிச்சு உள்ளே போட்டுட்டான். ரெப்பே என்ன பண்ணாரு? ஒரு பிடிலை எடுத்தாரு..."

பிடில் அல்ல, ஏதோ ஞாபகத்தில் வாய் தவறிவிட்டது. திருத்த வாயெடுத்தபோது போர்வைக்குள் அத்தானின் கால் உதறுவதைப் பார்த்தாள். திருத்தவில்லை.

"வாசிக்க வாசிக்க, ஜமீன் பசுமாடெல்லாம் ஆட ஆரம்பிச்சுது."

"பசுவா?" என்றான் கொப்பல்.

"பசுதான்."

கட்டில் முனகியது.

"எந்த ரெப்பே அது?"

"வேற யாரு? பிர்சான் ரெப்பேதான்."

கொஸ்லோவ்காரர்களும் பிர்சான்காரர்களும் பகையாகி, பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் நிறுத்தி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. காரணம் இரு தரப்புக்கும் மறந்துவிட்டதால் சமாதானத்துக்கும் வழியில்லை.

ஆன்ஷெல் எழுந்து உட்கார்ந்தார். "பிர்சானா? அந்த மனுஷன் ஒரு கல்யாணத்துல கை தட்டியிருப்பாரா? கொஸ்லோவ் ரெப்பேடி! பிடில் இல்ல, மீன் பீப்பாய்! வெறுங்கையால தட்டினாரு. பசுவாம் பசு! குதிரைடி! லாயத்துக் குதிரையெல்லாம் ஆடிச்சு, வண்டியில பூட்ட முடியல. காவக்காரன் ஆடினான், சாவி கீழே விழுந்துச்சு. கடைசியில ஜமீன்தார் காலே ஆட ஆரம்பிச்சுது. நிறுத்துய்யான்னு கெஞ்சினான். 'நான் சும்மாதானே உக்காந்திருக்கேன், ஆடறது நீதானே'ன்னாரு ரெப்பே!"

பீப்பாயைத் தட்டிக் காட்ட அகப்பட்டது சூப்புக் கிண்ணம். பாதி சிந்தியது. மீதியைக் கோபத்தோடு கோபமாகக் குடித்துவிட்டார்.

"எங்க அப்பா பிர்சான்னுதான் சொன்னாரு" என்றாள் டோபா. உண்மையைத் தவிர எதையும் ஒப்புக்கொள்ளாத சங்கத்துக்காரி, செத்த தகப்பன் பேரில் கூசாமல் பொய் சொன்னாள்.

"உங்க அப்பன் குடிச்சிருப்பான்."

"நாளைக்குப் பட்டறையில எல்லார்கிட்டயும் பிர்சான்னுதான் சொல்லப் போறேன்."

"சொல்லுவே நீ!"

"யாரு தடுக்கறது? நீங்கதான் படுத்திருக்கீங்களே."

விடிவதற்குள் ஆன்ஷெல் செருப்புக்குக் கயிறு கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இவளுக்கு முந்திப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம்.

வேலை நேரத்தில் பேச்சு கூடாது என்பது பட்டறைச் சட்டம். ஆன்ஷெல் விரல்களை நிறுத்தாமல், உதட்டை அதிகம் அசைக்காமல் முழுவதும் சொன்னார். ஜெர்மன் சிப்பாய்க்கான வைக்கோலுக்கு மேலே ஜமீன்தார் ஒருவன் நிறுத்த முடியாமல் ஆடிக்கொண்டிருந்தான். மேசையில் சிரிப்பை அடக்கிய பெண்களின் தோள்கள் குலுங்கின. மேஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேசைக் கோடியில் இருமிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் தலையைத் தூக்கினார்.

"அது பிர்சான் ரெப்பே ஐயா. எங்க பாட்டனாரே அந்தக் கல்யாணத்துல இருந்தவரு."

ஆன்ஷெலின் காது சிவந்தது. "நாளைக்கு வாரும். சாட்சியோட நிரூபிக்கறேன்."

"நான் வருவேன். நீர் வருவீரா?"

"ஏன் வராம?"

டோபா குனிந்து, அடுத்த வைக்கோல் பிரியை இழுத்துக்கொண்டாள்.