வயலினில் அலறிய கார்

ராவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, வாரக் கடைசியில் கோலாலம்பூர் போய் நால்வர் குழு ஒன்றில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு இசை எழுதித் தந்தவர் அங்கே அடுக்குமாடி வீடொன்றில் தனியாக இருந்த ஒரு பெண். லிஃப்ட் பாதியில் நிற்பது, ரயில் கதவு சாத்துவது, கார் நிறுத்துமிடத்தில் அலாரம் அலறுவது, எல்லாவற்றையும் எங்கள் கருவிகளுக்கு எழுதிவைத்திருந்தார்.

புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் என் மாமா, ஒரு ஞாயிறு காலை கோவில் மண்டபத்தை எங்களுக்குக் கொடுத்தார். அறுபது பேர் வந்தார்கள். லிஃப்ட், ரயில் பகுதிகள் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்கள். அலாரம் தொடங்கியதும் முன்வரிசையில் ஒருவர் சட்டைப்பையைத் தடவினார். அடுத்த நிமிடம் மண்டபமே சாவியும் கையுமாக வெளியே ஓடியது. மாமாவும்தான்.

நாங்கள் நிறுத்தப் போனோம்.

"நிறுத்தாதீங்க!" என்றார் இசையமைப்பாளர். முகமெல்லாம் சந்தோஷம். அவருடைய இசையைக் கேட்டு இதற்குமுன் யாரும் எழுந்து ஓடியதில்லை.

உள்ளே என் அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போகலையாப்பா?" வாசித்துக்கொண்டே கேட்டேன்.

"நான் மோட்டார் சைக்கிள்லதானே வந்தேன். நீ வாசி."

மாமா திரும்பி வந்து மைக்கைப் பிடித்தார். "அலாரம் வயலின்லேருந்துதான் வருது. என்ன சத்தம் கேட்டாலும் யாரும் எந்திரிக்காதீங்கலா!"

அந்தப் பகுதியை மறுபடி வாசித்தோம். இம்முறை ஒருவரும் அசையவில்லை. நாங்கள் முடித்து வில்லை மடியில் வைத்த பிறகும் அலாரம் அலறிக்கொண்டே இருந்தது. கூட்டம் தலையை ஆட்டி ரசித்தது. சிலர் கை தட்டினார்கள். இசையமைப்பாளரும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே போய்ப் பார்த்தால், அவருடைய காரின் இடப்பக்கப் பின்பார்வைக் கண்ணாடி ஒயரில் தொங்குகிறது. கூரைமேல் ஒரு குரங்கு உட்கார்ந்து வைப்பரைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது.

"நாங்க அதுவும் பாட்டுல உள்ளதுன்னு நெனச்சோம்மா," என்றார் மாமா, கூசிப்போய்.

திரும்பும்போது நான் இசையமைப்பாளரின் காரில் இடப்பக்கம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, பின்னால் வருவதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அசாம் ஜாவாவைத் தாண்டினோம்.

"கை தட்டினாங்களே," என்றார் அவர். "அது எனக்கா, குரங்குக்கா?"

"பின்னால லோரி வருது அக்கா," என்றேன். "மெதுவா போங்க."