தொண்ணூற்றைந்து கிடைக்காத மத்தியானம்

போன வாரம் கொட்டகலையில் ஒரு கல்யாணம். நாத்தனார் மகன் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு போனான். ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் அவன் மிதித்தபோது முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் நாலு கச்சான் கடலையைப் போட்டுக் குலுக்கினால் எப்படியிருக்கும், அப்படி.

"தம்பி, கால எடுப்பா."

"ஒண்ணுமில்லத்த, மலைக்கு அப்படித்தான்" என்று சொல்லி ரேடியோவைக் கூட்டினான். அவன் சொன்னதும் சரிதான், சாதாரண வண்டிக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் கல்யாண வீட்டில் இலை போட்ட பிறகும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

கல்யாணமாகும் முன் நான் ஹட்டனில் ஒரு பெற்றோல் செட்டில் வேலை செய்தேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. வட்டவளையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, தொப்பியும் காற்சட்டையும் மாட்டிக்கொண்டு பம்ப் அடியில் நிற்பேன். அந்த மழைக்குளிரில் பெற்றோல் வாசனை எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்குப் பிடிக்காது. என் சுவெட்டரை வாசலுக்கு வெளியே கொடியில்தான் போடச் சொல்வாள்.

பெற்றோலில் ஒக்டேன் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றிரண்டு என்று இரண்டு ரகம். சேர்ந்த புதிதில், தொண்ணூற்றைந்து என்றால் பால் தேத்தண்ணி, தொண்ணூற்றிரண்டு என்றால் வெறுந்தேத்தண்ணி என்றுதான் நினைத்திருந்தேன். நான் மட்டுமா? தீபாவளிக்குப் புதுச்சட்டையோடு வரும் ஆட்டோக்காரர்கள், "இன்னைக்கு அவனுக்கும் ஒசந்தது குடும்மா" என்று ஆட்டோவைக் காட்டித் தொண்ணூற்றைந்து கேட்பார்கள். நானும் ஏதோ பாயாசம் ஊற்றுகிற மாதிரி சிரித்துக்கொண்டே அடிப்பேன்.

அந்த நினைப்பை மாற்றியவர் செல்வா அண்ணன். பொகவந்தலாவைக்காரர். வளைகுடாவில் கராஜில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர், விபத்தில் நசுங்கிக் கிடந்த ஒரு ஜப்பான் டர்போ காரை வாங்கி வந்து தோட்டத்து லயவீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு உயிர் கொடுத்தார். ஏப்ரலில் நுவரெலியாவில் மலையேற்றப் பந்தயம் ஓட்டவேண்டும் என்பது ஆசை. ஒரு தடவை ஓட்டவும் செய்தார். பரிசு ஒன்றுமில்லை. ஆனால் அந்த நீலக் கார் ஹட்டன் கடைத்தெருவில் வந்தால் சனம் வேலையை விட்டு எட்டிப் பார்க்கும்.

"சத்தெல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார் ஒருநாள். "தொண்ணூத்தஞ்சுக்குப் பொறுமை கூட, அவ்வளவுதான். பிளக்கு நெருப்புக் குடுக்குற வரைக்கும் அமுக்கத்தத் தாங்கிட்டு நிக்கும். மத்தது நிக்காது, தன்னால முன்னாடியே வெடிச்சிரும். ஆட்டோவுக்கெல்லாம் அது போதும். இவளுக்குப் போதாது. இவள நான் முறுக்கி வச்சிருக்கேன்" என்று காரைத் தட்டிக் காட்டினார்.

கம்பனி செய்து அனுப்பிய கார் என்றால் அப்படி முன்னாடியே வெடித்துத் தட்டும் சத்தம் கேட்டதும் இஞ்சின் தானே அடங்கிக்கொள்ளுமாம். வேகத்துக்காக இவர் அந்தக் காவலையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி புஷ்பா அக்கா சிரித்தார். "எனக்கு என்ன புடிக்கும்னு கேளு, தெரியாது. அவ திங்கிறது மட்டும் தெரியும்." அந்த அக்கா சிரித்தால் நமக்கும் சிரிப்பு வரும். பிள்ளை இல்லாமல் பல வருடம் கோயில் கோயிலாகப் போய்வந்த பிறகு, கடைசியில் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது.

பிறகுதான் நாட்டில் எண்ணெய் இல்லாமல் போன காலம். வரிசை எங்கள் செட்டிலிருந்து கிளம்பி வளைவு தாண்டிப் போகும். மனிதர்கள் வண்டியிலேயே தூங்கி, வண்டியிலேயே சாப்பிட்டார்கள். தொண்ணூற்றைந்து பம்ப்பில் சாக்குக் கட்டியிருந்தோம். செல்வா அண்ணன் காருக்குப் படங்கு போட்டு மூடிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு மத்தியானம், வரிசை ஓரமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு அந்த நீலக் கார் வந்தது. சனம் கத்த ஆரம்பித்தது. பின் சீட்டில் புஷ்பா அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தார். மாதம் நிறையவில்லை. தோட்டத்து லொறிக்கு டீசல் இல்லை, ஆட்டோக்களும் காய்ந்து கிடந்தன. கீழே உள்ள ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே நுவரெலியாவுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். அவர்களின் ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது.

வரிசையின் முதலில் வேனோடு நின்றவர் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பிக் கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. "அவருக்கு மொதல்ல அடிங்க மகள். நாங்க நிப்போம்."

"தொண்ணூத்தஞ்சு கொஞ்சங்கூட இல்லையாம்மா?" என்று கேட்டார் செல்வா அண்ணன்.

"இல்லண்ணே. தொண்ணூத்தி ரெண்டுதான் வந்துச்சு."

அவர் ஒரு கணம் சாக்குக் கட்டிய பம்ப்பைப் பார்த்தார். "சரி, போடு. மெதுவா மிதிச்சா தாங்குவா."

நான் மூடியைத் திருகும்போது புஷ்பா அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முனகவில்லை. என்னவோ சொல்ல வந்தவர் போல உதடு அசைந்தது. கார் கிளம்பிவிட்டது.

தலவாக்கலை வரைக்கும் அவர் சொன்னபடியேதான் ஓட்டியிருக்கிறார். லிந்துலை தாண்டி ஏற்றம் கூடக் கூட, பின் சீட்டில் இரத்தம் தரைவிரிப்பு வரை இறங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் மிதித்துவிட்டார். இஞ்சினுக்குள் கல்லை அள்ளிப் போட்ட மாதிரி சத்தம் வந்ததாம். காலை எடுத்தால் வண்டி பிழைக்கும் என்று தெரிந்தே அழுத்தியிருக்கிறார். நானுஓயாவுக்கு இந்தப் பக்கம், தேயிலைக்கு நடுவே ஒரு வளைவில் பிஸ்டன் ஓட்டையாகி, வெள்ளைப் புகையோடு நின்றுவிட்டது.

மற்ற நாளென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் ரோடு அது. அன்றைக்கு ரோடு வெறுமையாகக் கிடந்தது. மனைவியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார், முடியாமல் உட்கார்ந்திருக்கிறார், மறுபடி தூக்கியிருக்கிறார். வெகுநேரம் கழித்து ஒரு மரக்கறி லொறி வந்தது. வெற்றுச் சாக்குகளின் மேல் அக்காவைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். அக்காவைக் காப்பாற்றிவிட்டார்கள். பெண் குழந்தை. அது அழவே இல்லை.

கொஞ்சநாள் கழித்து செல்வா அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கி செட்டுக்கு நடந்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"அன்னைக்கு அடிச்சதுல தண்ணி கிண்ணி கலந்திருந்துச்சா?"

ஊரெல்லாம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் அதே தொட்டியிலிருந்து அடித்துக்கொண்டு போன அத்தனை வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"இல்லண்ணே. நல்ல பெற்றோல்தான்."

தலையை ஆட்டினார். "தெரியும்மா. ஆமான்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியான்னுதான் கேட்டேன்." அவ்வளவுதான். திரும்பி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்.

புஷ்பா அக்காவைப் பார்க்க நான் பொகவந்தலாவைக்குப் போனது அதற்கும் பிந்தி. பால் கட்டிய நெஞ்சில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். அவரே பேசினார்.

"ஒங்க செட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே புள்ள அசையுறத நிறுத்திருச்சு. எனக்குத் தெரிஞ்சிருச்சு."

"அண்ணங்கிட்ட சொல்லலியாக்கா?"

"சொல்லியிருந்தா அவருக்குக் கை வந்திருக்குமா? அந்த ரோட்டுல எப்படி ஓட்டுவாரு? நானாவது பொழைக்கணும்ல." அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். "இப்ப வண்டியால போச்சு, பெற்றோலால போச்சுன்னு கெடக்குறாரு. சொல்லிரலாம்னுதான் வாயெடுப்பேன். அன்னைக்கே ஏன் சொல்லலன்னு கேட்டா நான் எங்க போவேன்?"

நான் செல்வா அண்ணனிடம் சொல்லவில்லை. அது என் வாயால் சொல்லும் விஷயமுமல்ல. அக்கா சொன்னாரா என்று தெரியாது.

அண்ணன் மறுபடி வெளிநாடு போனார், இந்தத் தடவை ஏதோ குளிர்நாடு. ஆரம்பத்தில் பணம் வந்ததாம், பிறகு போன்கூட வரவில்லையாம். சண்டை என்று ஒன்றும் யாரும் கேட்கவில்லை. அக்கா கொழும்புப் பக்கம் தையல் வேலைக்குப் போய்விட்டார். லயத்தில் அவர்கள் இருந்த காம்பராவில் வேறு குடும்பம் இருக்கிறது. காரின் வெறுங்கூட்டை இரும்புக்காரன் நிறுத்து எடுத்துக்கொண்டு போனான். செட்டின் முதலாளி மாறி, பெயர்ப்பலகையின் நிறமும் மாறிவிட்டது. நானுஓயா வளைவில் தார் மேல் ரொம்பநாள் ஒரு கறுப்புக் கறை இருந்தது, பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். இப்போது அதன் மேல் புதிதாகக் காப்பெட் தார் போட்டுவிட்டார்கள்.

அந்தப் பெண் குழந்தைக்கு அவர்கள் ஏதும் பெயர் பார்த்து வைத்திருந்தார்களா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், தெரிந்த இரண்டு பேரில் ஒருவர்கூட இந்த மலையில் இல்லை.